ஏழு மாத லேப்ரடார் பெட்டைக்குக் கருத்தடை: இப்போதா, முதல் ஹீட் முடிந்தா?

உங்கள் கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். அம்மா வீட்டில் இருக்கும் ஆறு வயது ஜெர்மன் ஷெப்பர்டு பெட்டைக்குப் போன மாதம் ஹீட் (இனச்சேர்க்கைக்குத் தயாராகும் பருவம்) முடிந்தது, இப்போது தண்ணீர் நிறையக் குடிக்கிறது, சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது என்று. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த நாயை இன்றே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். கருத்தடை செய்யாத பெட்டைக்கு ஹீட் முடிந்த சில வாரங்களில் தாகமும் சோர்வும் சேர்ந்து வந்தால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பின்புறம் எதுவும் வடியவில்லையே என்று இருந்துவிடக் கூடாது. கருப்பை வாய் மூடியிருந்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராது. சீழ் உள்ளேயே தேங்கி ரத்தத்தில் விஷம் ஏறிவிடும், அது இன்னும் மோசம். வயிற்றை ஒரு ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். வேறு நோயாக இருந்தாலும் இருக்கலாம். ஆனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுகிற விஷயம் இல்லை இது.

இனி உங்கள் குட்டிக்கு வருவோம். வயது ஏழு மாதம், எடை 23 கிலோ, இன்னும் ஹீட் வரவில்லை. ஒரு டாக்டர் இப்போதே ஆபரேஷன் செய்துவிட்டால் பிற்காலத்தில் மடிக் கட்டி வராது என்கிறார். இன்னொருவர் ஒரு ஹீட் போகட்டும், எலும்பு முற்றட்டும் என்கிறார். வீட்டுப் பெரியவர்கள் ஒரு ஈத்தாவது போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

கால்நடை மருத்துவராக இருபது வருடங்களுக்கு மேல் இந்த ஆபரேஷனைச் செய்து வருகிறேன். இரண்டு டாக்டர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒருவர் மடியைப் பார்த்துப் பேசுகிறார், மற்றவர் மூட்டைப் பார்த்துப் பேசுகிறார். என்னைக் கேட்டால், ஹீட் நடக்கும் மூன்று வாரமும் ஆண் நாய்கள் நெருங்காமல் உங்கள் வீட்டில் அவளைக் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காக்க முடியும் என்றால், முதல் ஹீட் வரட்டும். அது முடிந்து இரண்டரை, மூன்று மாதம் கழித்துச் செய்யுங்கள். அந்தக் காவல் உங்களால் முடியாது என்றால், ஹீட் வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள், அதில் குற்ற உணர்வே வேண்டாம். 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று தேதி இல்லாமல் வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதை மட்டும் செய்யாதீர்கள். அம்மா வீட்டு நாயின் நிலைமை அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் மடிக் கட்டி. இதில் எல்லோரும் சொல்லும் கணக்கு 1969இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. முதல் ஹீட்டுக்கு முன் கருத்தடை செய்தால் 0.5 சதவீதம், ஒரு ஹீட் முடிந்து செய்தால் 8 சதவீதம், இரண்டு அல்லது அதற்கு மேல் போனால் 26 சதவீதம். இதைக் கேட்டவுடன், ஒரு ஹீட் போனாலே நூறு நாய்களில் எட்டுக்குக் கட்டி வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தப்பு. கருத்தடையே செய்யாத நாய்க்கு எவ்வளவு ஆபத்து இருக்கிறதோ, அதை நூறாக வைத்துக்கொண்டால், ஒரு ஹீட்டுக்குப் பிறகு செய்த நாய்க்கு அதில் எட்டுப் பங்குதான் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அதாவது முதல் ஹீட்டுக்குப் பிறகு செய்தாலும் பெரும்பகுதிப் பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது. 2012இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் இது சம்பந்தமான எல்லா ஆய்வுகளையும் எடுத்து அலசிப் பார்த்து, ஆதாரம் நாம் நினைத்த அளவு பலமாக இல்லை என்றும் எழுதினார்கள். அதற்காக நான் இதை ஒதுக்கிவிடவில்லை. நாய்களின் மடிக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுநோயாக இருக்கிறது. எட்டு, ஒன்பது வயதில் மடி முழுக்கக் கட்டியோடு வரும் பெட்டைகள் பெரும்பாலும் கருத்தடை செய்யாதவை, அல்லது வயதான பிறகு செய்தவை. ஆனால் முதல் ஹீட்டுக்கும் இரண்டாவது ஹீட்டுக்கும் நடுவில் செய்வது ஒன்றும் காலம் கடந்த முடிவு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எளிதாகிவிடும்.

அடுத்தது மூட்டு. குட்டியின் நீண்ட எலும்புகளின் முனையில் வளரும் குருத்துப் பகுதி ஒன்று இருக்கும். சினைப்பை சுரக்கும் ஹார்மோன்தான் அதை மூடி, வளர்ந்தது போதும் என்று நிறுத்துகிறது. அதற்கு முன்பே சினைப்பையை எடுத்துவிட்டால், எலும்பு இன்னும் கொஞ்ச காலம் வளர்ந்துகொண்டே போகும். கால் சற்று நீளும், முழங்காலில் எலும்புகள் பொருந்தும் கோணம் மாறும், உள்ளே இருக்கும் ஜவ்வு கிழிய வாய்ப்புக் கூடும். சின்ன நாய்க்கு இது பெரிய விஷயம் இல்லை. 30 கிலோவைத் தாங்கப்போகும் காலுக்கு இது விஷயம்தான். பெரிய இனங்களில் இந்த வளர்ச்சி முடிய ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் ஆகும். கிரேட் டேன் போன்ற ராட்சத இனங்களுக்கு அதற்கும் மேல் ஆகலாம்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதைப் பல வருடங்களாக ஆராய்கிறார்கள். 2014இல் வந்த அவர்களுடைய கட்டுரை லேப்ரடாரையும் கோல்டன் ரிட்ரீவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. கருத்தடை செய்யாதவற்றில் சுமார் 5 சதவீதத்துக்கு மூட்டுக் கோளாறு. ஆறு மாதத்துக்கு முன் செய்த லேப்ரடார்களில் அது இரண்டு மடங்கு, கோல்டனில் நான்கைந்து மடங்கு. 2020இல் 35 இனங்களுக்கு இதேபோலக் கணக்குப் பார்த்து ஆலோசனை சொன்னார்கள். பெண் லேப்ரடாருக்கு 11 மாதம் தாண்டட்டும் என்றும், ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் பெண் டாபர்மேனுக்கும் 23 மாதம் தாண்டட்டும் என்றும் அதில் இருக்கிறது. பெண் கோல்டன் விஷயம் தனி. எந்த வயதில் செய்தாலும் சில புற்றுநோய்கள் கூடுவதாகத் தெரிந்ததால், செய்யாமலே விடலாம், அல்லது ஒரு வயதுக்குப் பிறகு செய்து கவனமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். லேப்ரடார் பெட்டைக்கு அந்தப் புற்றுநோய்ப் பயம் மிகக் குறைவாகத்தான் கூடியது, அது உங்களுக்கு நிம்மதியான செய்தி.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஒரு பெரிய போதனா மருத்துவமனைக்கு வந்த நாய்களின் பதிவேட்டிலிருந்து எடுத்தது. நோய் முற்றியவை அங்கே அதிகம் வரும். அதோடு, கருத்தடை செய்த நாய் குண்டாகும், குண்டான நாய்க்கு மூட்டு கெடும். இரண்டையும் முழுதாகப் பிரித்துப் பார்ப்பது கடினம். அதனால் 11 மாதம் என்பதைப் பஞ்சாங்கத்தில் நாள் பார்ப்பதைப் போல எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து மாதத்தில் செய்தால் கால் ஊனமாகிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் அதுவும் மிகை.

நம் ஊர் நாய்களுக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எதுவும் அந்த 35 இனங்களில் இல்லை. அதே குழு கலப்பின நாய்களை எடை வாரியாகப் பார்த்தபோது, 20 கிலோவுக்கு மேல் வளர்பவற்றுக்கு ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்தால் மூட்டுப் பிரச்சினை கூடியது. ராஜபாளையத்துக்கு நான் அந்த எடைக் கணக்கைத்தான் வைத்துக்கொள்கிறேன். சிப்பிப்பாறையும் கன்னியும் வேகமாக ஓடும் வேட்டை நாய்கள், உடம்பில் கொழுப்பே இருக்காது. அவற்றுக்குத் தயோபென்டோன் மயக்க மருந்து கொடுத்தால் தெளிய ரொம்ப நேரம் ஆகலாம், வேறு மருந்து கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

முதல் ஹீட் வரை காத்திருக்க இன்னும் இரண்டு சிறிய காரணங்கள் உண்டு. பெரிய இனப் பெட்டைகளுக்குக் கருத்தடைக்குப் பிறகு, சில வருடம் கழித்துத் தூக்கத்தில் சிறுநீர் ஒழுகும் தொந்தரவு வரலாம். மிகச் சின்ன வயதில் செய்தால் அந்த வாய்ப்பு கூடுவதாகத் தெரிகிறது. மருந்தால் பெரும்பாலும் கட்டுப்படும், உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்குப் பெரிய சோதனை. இன்னொன்று, சில குட்டிகளுக்குப் பிறப்புறுப்பு உள்ளே அமிழ்ந்து, தோல் மடிப்பு மூடிக்கொண்டு அடிக்கடி புண்ணாகும். முதல் ஹீட்டில் அந்த இடம் வீங்கி வளர்ந்து தானே சரியாகிவிடுவது உண்டு. உங்கள் டாக்டரை அந்த இடத்தை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் காத்திருப்பதற்கு அதுவே தனிக் காரணம்.

அப்படியானால் செய்யாமலே விட்டால் என்ன? ஸ்வீடனில் பெட்டைகளுக்குக் கருத்தடை செய்யும் வழக்கம் குறைவு. அங்கே நாய்களுக்கு இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் அதிகம் என்பதால் நல்ல பதிவேடு இருக்கிறது. அதில் பார்த்தால், கருத்தடை செய்யாத பெட்டைகளில் நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறது. அந்த நிலையில் செய்யும் ஆபரேஷனும் கருப்பையை எடுப்பதுதான். ஆனால் அப்போது மேஜையில் படுத்திருப்பது ஆரோக்கியமான ஒரு வயது நாய் இல்லை. காய்ச்சலும் வாந்தியுமாக, சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிய வயதான நாய். அந்த ஆபரேஷனுக்குக் கத்தியை எடுக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கிறது. இது நடக்காமலே தடுத்திருக்கலாம்.

இப்போது அந்த மூன்று வார விஷயம். முடிவைத் தீர்மானிக்கப் போவது இதுதான்.

லேப்ரடாருக்கு முதல் ஹீட் எட்டு மாதத்திலிருந்து பதினான்கு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பிறப்புறுப்பு வீங்கும், தரையில் ரத்தச் சொட்டுகள் தெரியும், அடிக்கடி நக்குவாள். முதல் சொட்டைப் பார்த்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். முதல் ஒன்பது, பத்து நாள் ஆண் நாய்கள் வாசலில் வந்து நிற்கும், ஆனால் அவள் விரட்டுவாள். அப்புறம் ரத்தம் வெளுத்து வைக்கோல் தண்ணீர் நிறத்துக்கு வரும். வீட்டுக்காரர்கள், சரி, முடிந்துவிட்டது என்று நினைத்துத் தரையைக் கழுவிவிட்டுக் கதவைத் திறந்து விடுகிறார்கள். உண்மையில் அவள் சேரத் தயாராகும் நாட்கள் அப்போதுதான் தொடங்குகின்றன. வாலை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு நிற்பாள். என்னிடம் 'எப்படிச் சினையானது என்றே தெரியவில்லை' என்று வருபவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டாவது வாரத்தில்தான் ஏமாந்திருப்பார்கள். முதல் நாளிலிருந்து முழுதாக மூன்று வாரம், வீக்கம் வடியும் வரை காவல் வேண்டும்.

காவல் என்றால் இப்படி. மொட்டை மாடியிலோ கொல்லையிலோ தனியாக விடக் கூடாது. ஐந்தடி மதில் ஆண் நாய்க்குத் தடையே இல்லை. வெளியே போகும்போது பெரியவர் ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு, ஆண் நாய்கள் திரியாத நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். டயப்பர் தரையைக் காக்கும், சேர்க்கையைத் தடுக்காது. வீட்டில் கருத்தடை செய்யாத ஆண் நாய் இருந்தால், அது அவளுடைய கூடப் பிறந்ததாகவே இருந்தாலும், இருவரையும் தனி வீட்டில் வைப்பதுதான் நம்பிக்கையான வழி. ஒரே வீட்டில் இரண்டு அறை என்பது யாராவது ஒருமுறை மறந்து கதவைத் திறக்கும் வரைதான்.

நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் வீட்டில் மாமியார் மட்டும், தெருவில் ஆண் நாய்கள் நிறைய என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் முதலில் இதை உட்கார்ந்து பேசுங்கள். 23 கிலோ நாய் இழுத்தால் மாமியாரால் பிடிக்க முடியுமா? அந்த மூன்று வாரத்தில் உங்களில் ஒருவர் மாற்றி மாற்றி லீவு போட முடியுமா, அல்லது பகலில் உள்ளே கம்பிக் கதவு போட்ட ஓர் அறையில் வைக்க முடியுமா? முடியும் என்றால் காத்திருங்கள். இல்லை என்றால் எட்டாவது மாதத்துக்குள் ஆபரேஷன். ஒரு வயதுகூட ஆகாத குட்டி எட்டுப் பத்துக் குட்டிகளைச் சுமப்பதைவிட, மூட்டுக்குச் சற்றுக் கூடுதல் ஆபத்து எவ்வளவோ மேல். அந்தக் குட்டிகளில் எத்தனை தெருவுக்குப் போகும் என்பதையும் நான் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

தவறிப்போய்ச் சேர்ந்துவிட்டால் இருவரையும் பிடித்து இழுக்காதீர்கள், இரண்டுக்கும் காயமாகும். பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்தில் தானாகப் பிரிவார்கள். அப்புறம் டாக்டரிடம் போங்கள். கருக்கலைய ஈஸ்ட்ரோஜன் ஊசியோ, ஹீட் வராமலிருக்க ஹார்மோன் ஊசியோ போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதலாவது எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கக்கூடியது. இரண்டுமே கருப்பையில் சீழ் கட்டுவதற்கு வழி செய்யும். தொடக்கத்திலேயே தெரிந்தால் அந்த நிலையிலும் கருத்தடை ஆபரேஷன் செய்யலாம்.

ஒரு ஈத்து போட்டால் நல்லது என்ற பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. குட்டி போட்டதால் மடிக் கட்டியிலிருந்து பாதுகாப்புக் கிடைப்பதாகவோ, குணம் அமைதியாவதாகவோ நான் பார்த்ததில்லை. பெரியவர்கள் அதை அன்பினால் சொல்கிறார்கள். தாய்மை அனுபவிக்காமல் போகிறதே என்ற வருத்தம் அது. அவர்களிடம் வாதம் செய்யாமல், பிரசவச் சிக்கலில் சிசேரியன் வரை போகும் நாய்களும் உண்டு என்பதை மெதுவாகச் சொல்லுங்கள்.

ஹீட் முடிந்தவுடன் ஏன் செய்யக் கூடாது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஹீட் சமயத்திலும் அதை ஒட்டியும் கருப்பைக்கு ரத்த ஓட்டம் மிக அதிகம், ரத்தப்போக்கு ஆபத்து. அதற்கடுத்த இரண்டு மாதம், சினையாகாத நாய்க்கும் உடம்பு சினை போலவே நடந்துகொள்ளும். அந்த நேரத்தில் சினைப்பையை எடுத்தால் ஹார்மோன் சட்டென்று விழுந்து, பால் சுரப்பது, பொம்மையைக் குட்டி போல அணைத்துக்கொள்வது என்று பொய்ச்சினை மாட்டிக்கொள்ளலாம். இரண்டரை, மூன்று மாதத்தில் எல்லாம் அடங்கியிருக்கும். மடியில் பால் இல்லை என்று பார்த்துவிட்டுச் செய்யலாம். உங்கள் குட்டிக்குப் பத்தாவது மாதத்தில் ஹீட் வந்தால், ஆபரேஷன் பதின்மூன்று, பதினான்காவது மாதத்தில் வரும். எலும்பும் பெரும்பாலும் முற்றியிருக்கும், இரண்டாவது ஹீட்டும் வந்திருக்காது. பதினைந்து மாதமாகியும் ஹீட்டே தெரியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், சிலவற்றுக்கு வெளியே தெரியாமலே வந்து போகும்.

ஆபரேஷனுக்கு முன் ஒன்றை மட்டும் விடவே விடாதீர்கள்: ரத்தப் பரிசோதனை, அதில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை. நம் பக்கத்தில் உண்ணி இல்லாத நாயைப் பார்ப்பது அரிது. உண்ணிக் காய்ச்சல் உள்ளுக்குள் இருந்துகொண்டு தட்டணுக்களைக் குறைத்துவைத்திருக்கும், நாய் வெளியே துள்ளிக்கொண்டிருக்கும். அப்படியே மேஜையில் ஏற்றினால் ரத்தம் நிற்காது. ஒருமுறை பரிசோதனை வேண்டாம், செலவு என்று வற்புறுத்திய ஒரு வீட்டுக்காரரின் பேச்சுக்கு இணங்கி, நான் அப்படி ஒரு நாயைத் திறந்துவிட்டேன். அது பிழைத்தது, ஆனால் அந்த மாலையை நான் மறக்கவில்லை. அதன்பிறகு ரத்த அறிக்கை இல்லாமல் ஒரு நாய்க்கும் நான் ஆபரேஷன் செய்ததில்லை. டாபர்மேன் வைத்திருப்பவர்கள் சின்னக் கீறலில் ரத்தக்கசிவு நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் பார்க்கச் சொல்ல வேண்டும், அந்த இனத்தில் பரம்பரையாக உறைதல் குறைபாடு உண்டு.

மயக்க மருந்து வாயுவா ஊசி மட்டுமா, சிரை வழி குளுக்கோஸ் பாட்டில் போடுவார்களா, கண்விழிக்கும் வரை பக்கத்தில் யார் இருப்பார்கள், வலிக்கு என்ன கொடுப்பார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, பக்கத்தில் இருந்தால் அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு பத்துப் பதினான்கு நாள் கழுத்துக் கூம்பு கழற்றக் கூடாது, படியேற விடக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது. வீட்டில் இருக்கும் மனிதர் வலி மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம், புரூஃபன் நாய்க்கு விஷம். அடைமழைக் காலத்தில் தையல் ஈரமாகிக்கொண்டே இருக்கும், ஒரு மாதம் தள்ளி வைக்க முடியும் என்றால் தள்ளி வையுங்கள்.

தையல் பிரித்த நாளிலிருந்து சாப்பாட்டைக் கால் பங்கு குறையுங்கள். கருத்தடைக்குப் பிறகு உடம்புக்குத் தேவை குறையும், பசி கூடும், அதிலும் லேப்ரடார் எப்போதும் பசிக்கிற மாதிரியே பார்க்கும். 2002இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாக வளர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்குக் கால் பங்கு குறைவாகவே கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. எந்த மாதத்தில் ஆபரேஷன் என்பதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோம். அவள் மூட்டுக்கு அதைவிடப் பெரிதாகக் கை கொடுப்பது தட்டில் விழும் அளவுதான். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். 23 கிலோ இப்போது அவளுக்குச் சரியான எடையா என்பதை இதை வைத்து இன்றே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அதற்கு முன், அம்மாவுக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.